கேட்டுக்காரர் கதையின் முதல் பகுதி

என் கைப்பையின் பக்க அறையில் ஒரு பழைய இயர்ஃபோன் கிடக்கிறது. வாங்கும்போது வெள்ளை, இப்போது டீயின் நிறம். இடது பக்கம் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வலது பக்கமும் போன வருடத்தோடு சரி. இடது பக்கத்து ஒயரில், காதில் வைக்கும் குமிழுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு முடிச்சு இருக்கிறது. எந்தப் பக்கம் செத்தது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிய வேண்டும் என்று என் நாத்தனார் போட்ட முடிச்சு அது. சில்லறைக்காகப் பையைத் துழாவும்போதெல்லாம் அது கையில் மாட்டும். "அதத் தூக்கிப் போட்டா இன்னாவாம்? பாட்டன் சொத்தா அது?" என்பார் என் வீட்டுக்காரர். "உங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க" என்பேன்.

பாரிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் மாறிப் போய் ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடுகிறவள் நான். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை. ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? சின்ன வயதிலிருந்தே கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆனபிறகு அந்தப் பசியை மறந்தே போயிருந்தேன். ஆபீஸில் பக்கத்து மேசைப் பெண் ஒரு நாள் தன் போனில் ஒரு கதை பாட்காஸ்ட்டைப் போட்டு என் காதில் மாட்டிவிட்டாள். அன்று வானகரம் சிக்னலில் பஸ் நின்றதே எனக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் தாண்டிப் போய், வெயிலில் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்து வந்தேன்.

ருசி கண்டவள் சும்மா இருப்பேனா? கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கதை சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் பெரிய தொடரைக் கொடுக்கக் கூடாது. சோறு வேகும் நேரத்துக்குள் முடிகிற ஒற்றைக் கதையாகக் கொடுக்க வேண்டும். சொல்கிறவரின் குரல் பிடிக்காவிட்டால் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீண். அதனால் முதலில் குரலைப் பார். அடுப்படியில் நிற்கிறவளுக்குப் பேய்க் கதை ஆகாது, குக்கர் விசில் அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். பூந்தமல்லியில் எங்களுக்கு ரவிக்கை தைக்கும் பாய்க்கு ராஜா காலத்துத் தொடர் ஒன்றைச் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது, "நீங்க சொன்ன கத அருமைம்மா. ஆனா கத்திச் சண்ட வந்தா காலு தானா மிஷின வேகமா மிதிக்குது. ஒரு கை கோணலாப் போயிடுச்சி" என்று என் ரவிக்கையையே எடுத்துக் காட்டினார். என் வீட்டுக்காரருக்குத் துப்பறியும் கதைகள் கொடுத்தேன். இதுவரை ஒரு கொலைகாரனையும் அவர் கண்டுபிடித்ததில்லை, அதற்குள் குறட்டை. நான் போனும் கையுமாக வருவதைப் பார்த்தாலே, "வந்துட்டாம்மா கதக்காரி, அல்லாரும் காத மூடிக்கோங்க" என்பார்.

இத்தனை பேரில் என் வலையில் சிக்காத ஒரே ஆள் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் பாப்பா. அவளுடைய பெண் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோதும் அவள் பாப்பாதான். மாமனார் விட்டுப்போன ஒரே மனையைப் பிரித்துக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு சுவர். குழம்பு, கோள், கோபம் எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் போக்குவரத்து. திருமழிசை எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் அவள் பேக்கிங் பகுதியில் இருந்தாள். கதை கேளேன் என்று எத்தனை முறை சொன்னாலும், "எனக்கு இன்னாத்துக்கு அண்ணி? ஊட்லயே ஒரு ரேடியோ வெச்சிகினு கீறேன். அத நிறுத்தத்தான் வழி தெரியல" என்று தன் வீட்டுக்காரரைக் காட்டுவாள்.

அது உண்மைதான். அவள் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார். நாள் முழுக்க ரோட்டில் பார்த்ததைச் சாயங்காலம் அவளிடம் கொட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அவர் கதை சொல்லும் விதமே தனி. முடிவைத்தான் முதலில் சொல்வார். "கடைசில அந்த ஆளு செருப்ப உட்டுட்டே ஓடிட்டான் பாரு!" என்று ஆரம்பித்துச் சிரிப்பார். யார் ஓடினது, எங்கே, எதற்கு என்று அவள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டும். கதை தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது தட்டு காய்ந்திருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஓசியில் கேட்பேன். அவரைப்பற்றி அவள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதையும் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று, காப்பித் தட்டோடு போய் நின்றவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "ஃபேனு போடுங்களேன்." அப்போது தெருவுக்கே கரண்ட் இல்லை. "இந்த அறிவாளிக்கா என்னைக் குடுத்தீங்க?" என்று அவள் தன் அண்ணனைக் கேட்காத பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை.

ஒரு காலை, சென்னீர்குப்பத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டீ குடிக்க எதிர்ப்பக்கம் போனார். ரோட்டைத் தாண்டி முடிக்கவில்லை. அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுகள் போனபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த அமைதி இருக்கிறதே, அதை என்னாலேயே தாங்க முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கை நின்றுவிடும். நானே இப்படி என்றால் அவள்? ஆனால் அவள் அழுது அடம்பிடிக்கிறவள் இல்லை. பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது, வேலைக்குப் போயாக வேண்டும் என்று தானாகவே ஒரு நாள் கிளம்பினாள். பாரிவாக்கத்திலிருந்து திருமழிசைக்குப் போகும் கம்பெனி பஸ், ஆவடி ரோட்டில் இறங்கி, சென்னீர்குப்பத்தில் ஹைவேயில் ஏறித்தான் போகும். அந்த முனை வந்ததும், "நிறுத்து, நிறுத்து" என்று கத்தி, இறங்கி, வந்த வழியே நடந்துவிட்டாள். கூட வேலை செய்கிற ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்து வீட்டில் கொண்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தினமும் பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். டிரைவர் நல்ல மனிதர், இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்ப்பார். அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துச் சாப்பாட்டு டப்பாவோடு கதவுக்கு உள்ளேயே நின்றிருப்பாள். பஸ் போனபிறகு டப்பாவைத் திறந்து கழுவி வைப்பாள்.

சூப்பர்வைசர் போன் செய்தார். மாசக் கடைசி வரைக்கும்தான் இடத்தை வைத்திருக்க முடியும், மேலே கேட்கிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலை போனால் சாப்பாட்டுக்கு நாங்கள் இருக்கிறோம், அது பெரிய விஷயம் இல்லை. அந்தக் கதவுக்கு உள்ளேயே அவள் உட்கார்ந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவளே சொன்னாள்: "ஊட்லயே கீறதால பைத்தியம் புடிச்சிரும் போலகீது அண்ணி. போவணும்னுதான் கீது. அந்த எடத்துல கண்ண மூடிக்கிறேன். ஆனா காத இன்னா பண்றது? வண்டிங்க பிரேக் போடுற சத்தம் வருது பாரு, அப்டியே வயித்துல எறங்குது."

காது என்று அவள் சொன்னதுதான் தாமதம், எனக்குப் பொறி தட்டியது. காதுதானே? அது என் இலாகா.

அந்த ஒரு கதையைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட அவ்வளவு யோசிக்க மாட்டேன். சிரிப்புக் கதை போடலாம் என்றால் அதில் எங்கே பார்த்தாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை. துப்பறியும் கதையில் முதல் நிமிடத்திலேயே ஒருவர் செத்துக் கிடப்பார். காதல் கதை கூடவே கூடாது. கடைசியில் நான் கேட்டு அழுத ஒரு தொடரில் போய் நின்றேன். எங்கள் வீட்டில் அதற்குக் கேட்டுக்காரர் கதை என்று பெயர். தெற்கே ஏதோ ஓர் ஊரில் ரயில்வே கேட் மூடித் திறக்கும் ஒருவர், அவர் மனைவி, போகிற வருகிற ரயில்கள், கேட் திறக்கக் காத்து நிற்கிற ஊர் ஜனங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரே குரலில், ஒரே வரியில் தொடங்கும்: "கேட்டு மூடியிருக்கு. கொஞ்சம் நில்லுங்க." அப்புறம் மணி அடிக்கும், ரயில் கடக்கும், கதை ஆரம்பிக்கும்.

அதிலும் சாவு உண்டு. முக்கால் கதை போனபிறகு கேட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துபோவார். ஆனால் முடிவில் அந்த மனைவி அதே வேலைக்கு வந்து, அதே கேட்டில், கையில் பச்சைக் கொடியோடு நிற்பாள். என் கணக்கு இதுதான்: சாவு வருவதற்குள் இவளுக்கு பஸ் பழகிவிடும், பிறகு அந்தப் பெண் கொடி பிடித்து நிற்பதைக் கேட்கும்போது இவளுக்கும் ஒரு தெம்பு வரும். வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுப்பது மாதிரி. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவள் போனில் ஆப்பை இறக்கி, தொடரை எடுத்துக் காட்டி, என் இயர்ஃபோனையும் கையில் கொடுத்தேன். "ஒரு பக்கம் கேக்காது. பரவாயில்ல, அதையும் அடைச்சிக்கோ. பஸ் ஏறினதும் போட்டுடு. தெனம் ஒண்ணு."

மறுநாள் ஹார்ன் அடித்தது. கதவு திறந்தது. அவள் இரண்டு காதிலும் இயர்ஃபோனோடு, யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய் ஏறினாள். நானும் வீட்டுக்காரரும் சுவரோரம் நின்று பஸ் திரும்பும்வரை பார்த்தோம். அவர் சட்டைகூடப் போடவில்லை. அன்று ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. சாயங்காலம் அவள் வந்தாள், கால் கழுவினாள், சுவரண்டை வந்தாள். "தாண்டிட்டேன் அண்ணி" என்றாள். நான் அடுப்படிக்கு ஓடிப் போய் அழுதேன். ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

கதை எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் கீது. ஒரு பொம்பள கொடி காட்டுது" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எதுவும் காதில் விழவில்லை.

அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பேக்கிங் மேசையில் இருக்கிறவர்கள் காதில் ஏதாவது மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒரு காதில் மட்டும். பெட்டியில் மூடி நிரம்பியதும் மிஷினில் மணி அடிக்கும். அது கேட்பதற்கு மறு காது திறந்திருக்க வேண்டும். ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது நமக்கு என்பார்கள். எல்லோரும் பாட்டுத்தான் கேட்பார்கள். இவள் கதை கேட்கிறாள் என்று தெரிந்ததும் சாப்பாட்டு வேளையில் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நேற்று என்ன ஆச்சு, இன்றைக்கு என்ன ஆச்சு என்று பிடுங்க ஆரம்பித்தார்களாம். வீட்டில் வாயைத் திறக்காதவள் அங்கே கதை சொல்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூப்பர்வைசரும் பிறகு போன் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சங்கரா மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். செதிலைச் சுரண்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்தாளு எழுந்து உக்காந்துட்டாரு அண்ணி."

"எந்த ஆளு?"

"அதான், கேட்டுக்காரரு. காய்ச்சலு கொறைஞ்சிகினு வருது. நேத்து கஞ்சி குடிச்சாரு."

என் கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த கதையில் அவர் கஞ்சி குடிப்பார், பிறகு படுப்பார், பிறகு எழுந்திருக்கவே மாட்டார். மீன் கையோடு அவள் போனை எடுத்துப் பார்த்தேன். ஆப்பில் புதிய பகுதி மேலே இருக்கும், பழையது கீழே. மேலே இருந்ததெல்லாம் கேட்டாகிவிட்டது. கீழே இருந்த எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இன்னும் கேட்கவில்லை என்பதற்கான புள்ளி அப்படியே இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, எல்லோருக்கும் தெரிகிற விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! தலகீழா கேட்டுகினு கீறியேடி! கொடி காட்டுறதுதான் கடைசி. அதுக்குக் கீழ போகணும் நீ, அடியில கீது பாரு, அதான் மொதல்…"

"தெரியும்" என்றாள். மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்டினாள்.

"தெரியுமா?"

"மொதல்ல தெரியல. எங்காளு சொல்ற மாதிரி கடைசிலேர்ந்து சொல்றாங்கன்னு நெனச்சிகினேன். எனக்கு அது பழக்கம்தானே. அப்புறம், முன்கதன்னு ஒண்ணு சொல்றாங்க பாரு, அதுல புரிஞ்சிபோச்சி. திருப்பி மொதல்லேர்ந்து போடலாம்னுதான் பார்த்தேன் அண்ணி. ஆனா அன்னிக்கு அந்தாளு செத்துட்டாரு. பஸ்ல அழுதுகினே போனேன். மறுநாளு அடுத்தத போட்டா, உயிரோட கீறாரு. பேசுறாரு. இப்ப நாளாக நாளாக நல்லாகினு வர்றாரு. இன்னும் கொஞ்ச நாள்ல சைக்கிள் ஓட்டுவாரு, அவகிட்ட சண்ட போடுவாரு. இதப் போயி நேராக் கேளுன்றியா?"

எனக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மீனையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை கதை கேட்டிருக்கிறேன், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லையே. நான் பழத்துக்குள் வைத்த மாத்திரையை அவள் முதல் நாளே துப்பிவிட்டுப் பழத்தை மட்டும் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூனை ஒன்று வந்து மீன் தலையை இழுத்தது. "சூ" என்று அதை விரட்டினாள். "நீ இன்னா அண்ணி இப்டி உக்காந்துகினு கீற? கொயம்பு வெக்க வேணாமா?"

அதற்குப் பிறகு நானும் அவளோடு தலைகீழாகவே கதையைத் தொடர்ந்தேன். கேட்டுக்காரர் சைக்கிள் ஓட்டினார். கேட்டில் சிக்கிய கல்யாண மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தார். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு சிக்னல் விளக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்கள் கல்யாணம் வந்த அன்று பேக்கிங் பகுதியில் யாரோ பாயசம் கொண்டுவந்திருந்தார்களாம். நாத்தனார் முகத்தில் சதை பிடித்தது. அவள் பெண் வந்து, "மாமி, அம்மா நேத்து டிவி பார்த்து சிரிச்சாங்க" என்று ரகசியம் போலச் சொன்னாள்.

பிறகு ஒரு காலை, ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. கதவு திறக்கவில்லை. பஸ் போய்விட்டது.

எனக்கு உயிரே இல்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவள் டப்பாவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தீந்துபோச்சி அண்ணி" என்றாள். "இன்னும் ஒண்ணுதான் கீது. மொதலு. அதக் கேட்டுட்டா அப்புறம் இன்னா? அதுல தானே அவங்க பார்த்துக்கிறாங்க? அதுக்கும் முன்னாடி அவங்க யாரோ எவரோதானே? அந்த எடத்துக்கு நான் போவ மாட்டேன்." வேறு தொடர் தருகிறேன் என்றேன். அதைவிட நல்ல தொடர், சிரிப்புத் தொடர், எத்தனையோ இருக்கிறதே என்று வாய் ஓயாமல் அடுக்கினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். கேட்டதையே திரும்பக் கேளேன் என்றேன். "அது ஆயிபோச்சி அண்ணி" என்றாள். இத்தனை நாள் அரும்பாடுபட்டு வெளியே வந்தவள் மறுபடியும் அதே கதவுக்கு உள்ளே போய்விட்டாள். என் பெரிய சிபாரிசு ஞானம் ஒன்றுக்கும் உதவவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஹார்ன் அடித்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நானும் பஸ்ஸில் ஏறினேன். கம்பெனி பஸ்ஸில் வெளியாளை ஏற்றக் கூடாது. டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டிரைவர் அண்ணாத்தே, இன்னிக்கு ஒரு நாளு" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அவர் பார்க்காதது போல் கியரைப் போட்டார். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஆவடி ரோட்டில் பஸ் இறங்கியது. அவள் பையிலிருந்து இயர்ஃபோனை எடுத்தாள். விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்து, முடிச்சு இல்லாத பக்கத்தை என் காதில் வைத்தாள். முடிச்சுப் போட்ட பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"நான் கேக்க மாட்டேன். நீ கேளு. கேட்டுச் சொல்லு."

அடியில் இருந்த அந்த முதல் பகுதியைத் தொட்டாள். என் ஒரு காதில் கதை தொடங்கியது. மறு காதில் பஸ்ஸின் இரைச்சல், பேச்சு, ஹார்ன் எல்லாம். அவளுக்கு இரண்டு காதிலும் அது மட்டும்தான். நான் ஏற்கெனவே கேட்ட பகுதிதான், ஆனாலும் அன்று முதல் தடவை கேட்பது போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. வெயில். மூடிய கேட். அந்தப் பக்கம் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு பெண், நேரமாகிறது என்று சலித்துக்கொண்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்க்கிறாள்.

சென்னீர்குப்பம் முனை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"வந்துட்டாளா?" என்றாள்.

"வந்துட்டா. கேட்டுக்கு அந்தாண்ட நிக்கிறா."

"அவரு?"

"இப்பத்தான் வெளிய வர்றாரு. கையில கொடி கீது."

பஸ் திரும்புவதற்காக நின்றது. எதிரே ஒரு லாரி பிரேக் போட்டது. அந்தச் சத்தம் எனக்கே வயிற்றில் இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்துட்டாங்களா அண்ணி?"

"பார்த்துட்டாங்க."

"மொத மொத இன்னா சொல்றாரு அவகிட்ட?"

"'கேட்டு மூடியிருக்கு. கொஞ்சம் நில்லுங்க'ன்றாரு."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தினமும், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அவள் கேட்டுக்கொண்டிருந்த வரி. அவர் செத்துக் கிடந்த நாளிலும் அதே வரியில்தான் தொடங்கியது.

"அதானா?" என்றாள். "இதத்தான் தெனம் சொல்லிகினு இருந்தாரா?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அவராவது பரவால்ல அண்ணி. எங்காளு ஃபேனு போடுன்னாரு." அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த டீக்கடையை பஸ் தாண்டிக்கொண்டிருந்தது. பாய்லரில் ஆவி வந்துகொண்டிருந்தது, நான்கைந்து பேர் கிளாஸோடு நின்றிருந்தார்கள். அவள் பார்த்தாள். கடை கண்ணுக்கு மறையும் வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹைவேயில் ஏறியதும் இயர்ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். கம்பெனிக்கு வேறு கதை கேட்கலாம், பஸ்ஸுக்கு இனிமேல் வேண்டாம் என்று என் பையில் போட்டாள்.

அந்தப் பை கிழிந்து, புதுப் பை வாங்கியும் ஆகிவிட்டது. இயர்ஃபோன் மட்டும் பை மாறி வந்துகொண்டே இருக்கிறது. நாத்தனார் இப்போது பேக்கிங்கில் ஒரு மேசைக்குத் தலைவி. கழுத்தில் மாட்டும் புது மாடல் வைத்திருக்கிறாள். ஒரு காது கம்பெனிக்கு, மறு காது அவளுக்கு. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் கதை சிபாரிசு செய்கிறாள். என்னைக் கேட்பதுகூட இல்லை. நான் சொன்ன ஒற்றைக் கதை, குரல், குக்கர் விசில் எல்லாவற்றையும் தன் சொந்தச் சரக்கு போல அவர்களுக்கு அவிழ்த்துவிடுகிறாளாம். எந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டாள். கேட்டுக்காரர் கதையின் முதல் பகுதிக்குப் பக்கத்தில் என் போனில் புள்ளி எப்போதோ போய்விட்டது. அன்று ஓடியது அவள் போனில்தான், பாதியில் நிறுத்திவிட்டாள். அதனால் அவளுடையதில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனது. தெருவே புழுங்கியது. நான் இருட்டில் டார்ச்சுக்காகக் கைப்பையைத் துழாவினேன். விரலில் முடிச்சுத்தான் மாட்டியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

"ஃபேனு போடுங்களேன்!"